தொழிலாளி மனசைக் கணிப்பொறி அறியுமா?

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் துறை



ஒரு கம்பெனிக்கு என்ன பேர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் விளம்பரத்தைப் பார்த்துப் பயனில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். "அங்கே சேராதே, சம்பளம் நேரத்துக்கு வராது" என்று ஒருத்தர் சொன்னால் போதும், நாலு பேர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

இந்தப் பேச்சு முதலாளி காதுக்கு எட்டுவதற்குள் நல்ல ஆட்கள் வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள். அதனால் உள்ளே இருப்பவர்களிடமே மாதாமாதம் கேட்டு, கணக்குப் போட்டு, அறிக்கை தரும் வேலையை இப்போது பல கம்பெனிகள் கணிப்பொறியிடம் விடுகின்றன. அது எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

கேட்கும் வழக்கம் பழையது

அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம். அங்கே 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நேரில் உட்கார வைத்துப் பேட்டி கண்டார்கள். முதலில் எழுதி வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேள்வியை விட்டு வேறு விஷயம் பேசினார்கள். பிறகுதான், அவர்கள் பேச நினைப்பதைப் பேச விட வேண்டும் என்று முறையை மாற்றினார்கள்.

அத்தனை பேரிடமும் மாதாமாதம் பேட்டி எடுக்க முடியுமா? அதற்குத்தான் அளவுகோல் வந்தது. 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'ஒத்துக்கொள்ளவே மாட்டேன்' வரை படிப்படியாகப் பதில் வாங்கும் முறையைக் கொடுத்தார். 2003-ல் ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் வாடிக்கையாளர்களுக்காக ஒரே ஒரு கேள்வியை முன்வைத்தார். அதையே பின்னாளில் ஊழியர்களிடமும் கேட்க ஆரம்பித்தார்கள்: "இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்படி உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா? 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள்."

கணக்கு இப்படித்தான்

9, 10 போட்டவர்கள் திருப்தியானவர்கள். 7, 8 போட்டவர்கள் நடுவில் நிற்பவர்கள். 0 முதல் 6 வரை போட்டவர்கள் அதிருப்தியானவர்கள். திருப்தி சதவீதத்தில் அதிருப்தி சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண் வந்துவிடும்.

ஒரு பட்டறையில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் திருப்தி, 16 பேர் நடுவில், 10 பேர் அதிருப்தி. அப்படியானால் 35-லிருந்து 25 போக, மதிப்பெண் 10. எல்லோரும் திருப்தி என்றால் 100; எல்லோரும் அதிருப்தி என்றால் கழித்தல் 100.

தானாக நடப்பது எப்படி?

லினக்ஸ் கணிப்பொறியில் 'க்ரான்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் ஆலைச் சங்கு மாதிரி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைத் தொடங்கி வைக்கும். 0 9 1 * * என்று எழுதினால் போதும். வரிசையாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி இருந்தால் 'எதுவானாலும் சரி' என்று அர்த்தம். ஆக, ஒவ்வொரு மாதமும் 1-ந் தேதி காலை 9 மணிக்குக் கேள்வி எல்லோர் செல்போனுக்கும் போய்விடும். பதில்களைச் சேர்க்க ஒரு புரோகிராம், மதிப்பெண் போட ஒரு புரோகிராம், போன மாதத்தோடு ஒப்பிட்டு அறிக்கை அனுப்ப ஒரு புரோகிராம். எழுதுவது கஷ்டமே இல்லை. உண்மையான பதில் வாங்குவதுதான் கஷ்டம்!

பெட்டியும் கையெழுத்தும்

என் அப்பா ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறார். அங்கே ஆலோசனைப் பெட்டி ஒன்று மாட்டி வைத்தார்கள். மாதக்கணக்கில் ஒரு சீட்டுகூட விழவில்லை. ஏன் என்று கேட்டேன். "கையெழுத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சிடும்டா. அப்புறம் யாரு நைட் ஷிப்ட்லயே கிடக்குறது?" என்றார். குறை இல்லாமல் இல்லை, பயம் இருக்கிறது. பெட்டிக்குப் பதில் கணிப்பொறியை வைத்தால் மட்டும் அந்தப் பயம் போய்விடுமா?

போகாது. ஏனென்றால் கணிப்பொறிக்கும் கையெழுத்து உண்டு. பதில் வந்த தேதியையும் நேரத்தையும் அது தானாகக் குறித்து வைக்கும். ராத்திரி 2 மணிக்கு வந்த பதில் என்றால் அந்த ஷிப்டில் இருந்த மூணு பேரில் ஒருத்தர்தான். ஆகவே நேரத்தைச் சேமிக்கவே கூடாது. பதில்களின் வரிசையையும் கலைத்துவிட வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அதே பட்டறையில் லேத் பிரிவில் 15 பேர், வெல்டிங்கில் 12, பேக்கிங்கில் 10, ஸ்டோர்ஸில் 3 பேர். '5 பேருக்குக் குறைந்தால் அந்தப் பிரிவின் கணக்கைக் காட்டாதே' என்று புரோகிராமில் விதி வைத்து ஸ்டோர்ஸை மறைத்துவிட்டோம். ஆனால் மொத்த அதிருப்தி 10 என்றும், மற்ற மூன்று பிரிவுகளில் 4, 3, 1 என்றும் அறிக்கையில் இருக்கிறதே! 10-ல் 8 போனால் 2. ஸ்டோர்ஸில் மூணு பேரில் ரெண்டு பேர் அதிருப்தி என்று ஐந்தாம் வகுப்புக் கழித்தலில் வெளியே வந்துவிடும். அதனால் சின்னப் பிரிவை மறைத்தால் போதாது, பேக்கிங்கோடு சேர்த்து 13 பேராக்கிக் காட்ட வேண்டும்.

ஒருவரே பத்து தடவை பதில் போடாமலும் தடுக்க வேண்டும், பேரும் தெரியக் கூடாது. இதற்கு எளிய வழி குலுக்கல் சீட்டு. ஏதோ எண்கள் அச்சிட்ட 40 சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்வது. அந்த எண்ணைப் போட்டால்தான் பதில் ஏறும், ஒரு தடவைதான் ஏறும். எந்த எண் யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது.

கேள்வி எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதும் முக்கியம். இன்று தமிழ்நாட்டு ஆலைகளில் ஒடிசா, பீகார் ஆட்களும் இருக்கிறார்கள். தமிழோடு இந்தியும் ஒடியாவும் வேண்டும். என் அம்மா மாதிரி படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிரிக்கும் முகம், வாடிய முகம் என்று ஐந்து படம் போட்டு, அதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் ஏறினால் நல்லதா?

முதல் மாதம் 40 பேரும் பதில் சொன்னார்கள், மதிப்பெண் 10. ஆறாவது மாதம் 50! முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுக்கலாமா? பதில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். 12 பேர்தான். அதில் 7 பேர் திருப்தி, 4 பேர் நடுவில், ஒருவர் அதிருப்தி. கணக்கு சரியாக 50 வருகிறது. மீதி 28 பேர் 'சொல்லி என்ன ஆகப் போகிறது' என்று விட்டுவிட்டார்கள். ஆகவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் புரோகிராம் காட்ட வேண்டும்.

அந்த 12 பேரில் ஒருத்தர் 9-க்குப் பதிலாக 6 போட்டாலே மதிப்பெண் சுமார் 17 இறங்கிவிடும். ஒரு மாத இறக்கத்துக்குப் பதற வேண்டாம். மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் எச்சரிக்கை மணி அடிக்கட்டும்.

அவர்கள் ஏன் பேசுவதை நிறுத்தினார்கள்? கேண்டீன் சாப்பாடு சரியில்லை என்று மூன்று மாதம் சொன்னார்கள், ஒன்றும் மாறவில்லை. கேள்வியை அனுப்புவது இயந்திரத்தின் வேலை, சாம்பாரைச் சரி செய்வது மனிதனின் வேலை. 'போன மாதம் நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்தது இது' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அடுத்த மாதம் பதில் கூடும்.

தோழர்களே! நாளை இந்தப் புரோகிராமை எழுதப் போவது நம்மில் ஒருவராக இருக்கலாம். அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அந்த 10 பேர் யாரு? பேரை எடுத்துக் கொடு தம்பி" என்று மேலதிகாரி கேட்பார். புது வேலையில் இருக்கும் பையன் முடியாது என்று எதிர்த்துப் பேசுவது கஷ்டம். "அது இதுல இல்லீங்க சார்" என்று உண்மையாகவே சொல்லும்படி முதல் நாளே புரோகிராமை எழுதிவிடுவோம். பதில் சொல்லும் இடத்தில் நம்ம அப்பாவும் அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுவோம்!