விலையும் விதையும் பட்டறையில்!

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் பக்கம் போனால், வயலோரங்களில் நீளமான, குறுகலான வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். அடியில் கல்லும் கட்டையும் அடுக்கி, பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். உள்ளே இருப்பது சின்ன வெங்காயம். அந்தக் குடும்பத்தின் சேமிப்பும் அதுதான். அடுத்த பட்டத்துக்கான விதையும் அதுதான்.

மழையை நம்பிய பூமி

காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம் இது. முன்பு சோளம், கம்பு, வரகு விளைந்த கரிசலில் இப்போது பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. அண்டையில் அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் நெல்லும், ஜெயங்கொண்டம் பகுதியில் முந்திரியும் உண்டு. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007-ல் அரியலூர் தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் மானாவாரிப் பிழைப்பு மாறவில்லை. 2018-ல் படைப்புழு தாக்கியபோது, மக்காச்சோளம் போட்ட பலருக்கு முதலே திரும்பவில்லை. கிணறு உள்ளவர்களுக்கு அப்போதும் இப்போதும் நம்பிக்கை சின்ன வெங்காயம்தான்.

காத்திருந்தால் விலை

ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ விதை வெங்காயம் தேவை. எல்லோரும் ஒரே சமயத்தில் அறுவடை செய்யும்போது விலை இறங்கும். பட்டறை வைத்திருப்பவர் இரண்டு, மூன்று மாதம் பொறுத்து விற்கிறார். கடன் நெருக்கும் சிறு விவசாயியோ வயலிலேயே விற்றுவிட்டு, நடவு நேரத்தில் அதே வெங்காயத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். விளைச்சல் நன்றாக இருந்தும் கையில் காசு நிற்காமல் போவது இதனால்தான்.

அழுகலைத் தடுக்க...

* அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும்.
* தாளோடு நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும்.
* அடிபட்டது, அழுகியது, ஈரமானது எதையும் பட்டறையில் ஏற்றக் கூடாது.
* திருகல் நோய் கண்ட வயலின் காயை விதைக்கு வைக்கக் கூடாது.
* அடித்தாள் அழுகல் வந்த நிலத்தில் பயிரை மாற்றி, தொழுவுரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இட வேண்டும்.

எவ்வளவு அவசரம் இருந்தாலும், விதைக்கானதை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியை விற்பது நல்லது. தனியாகப் பட்டறை போட வசதியில்லாதவர்கள், அக்கம்பக்கத்தில் இரண்டு, மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒன்று போடலாம். விதை கையில் இருந்தால் அடுத்த பட்டத்துக்குப் பாதிக் கவலை குறையும்.