மேடையிலிருந்து திரைக்கு: பாட்டுப் புத்தகங்கள்
தமிழ், 1930கள் – 1950கள். அச்சுத் தாள்

திரையரங்க வாசலிலும் இடைவேளையிலும் சில காசுகளுக்கு விற்கப்பட்டவை இவை. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல் வரிகள் ஆகியவை இவற்றில் இருக்கும். பல புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். கதையின் முடிவை மட்டும் சொல்லமாட்டார்கள். அதற்குப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் திரைக்கு வந்த கதைகள் பல, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோரின் இசை நாடகங்களால் ஊரறிந்தவை. ‘பவளக்கொடி’ அவற்றுள் ஒன்று. மேடையில் அர்ச்சுனனாகப் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர், 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய படத்திலும் அதே வேடம் ஏற்றார். பாடல்களை இயற்றியவர் பாபநாசம் சிவன். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 50. இன்றைய கணக்கில் அது பத்துப் படங்களுக்குப் போதும்!

அப்போது பின்னணிப் பாடல் முறை வரவில்லை. நடிப்பவரே கேமரா முன் நின்று பாட, ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்து வாசித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசைவரை கேட்கும்படி உச்சக் குரலில் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

வீட்டில் பாடிப் பார்ப்பதற்காகவே இந்தப் பாட்டுப் புத்தகங்களை வாங்கியவர்கள் பலர். மலிவான தாள் என்பதால் ஓரங்கள் பழுப்பேறி ஒடிகின்றன. கையால் தொட வேண்டாம்.