தள்ளினால் கிளம்பிய தானியங்கிக் கார்கள்

தில்லியிலும் லக்னோவிலும் குடியேறியுள்ள நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை எப்படியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. குளிர் மிகுந்தால் பாட்டரியின் ரசாயன வேகம் குன்றும். எஞ்சினில் உள்ள எண்ணெயோ தடித்து நிற்கும். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். அம்பாஸடரும் பியட்டும் தெருவெங்கும் ஓடிய நாட்களில் இதற்கு எளிய மருந்து ஒன்று இருந்தது. அண்டை வீட்டார் நால்வர் போர்வையை உதறிவிட்டு வந்து ‘தக்கா’ கொடுப்பார்கள். வண்டி சிறிது தூரம் உருண்டதும் ஓட்டுபவர் கிளட்சிலிருந்து காலை எடுப்பார். ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சின் உயிர் பெற்றுவிடும்.

கிளட்ச் மிதியே இல்லாத தானியங்கிக் கியர் வண்டி இவ்வாறு நின்றுவிட்டால் என் செய்வது? தள்ளிப் பயனில்லை என்று பலரும் அறிவர். ஏன் பயனில்லை என்று அறிந்தோர் சிலரே. இதில் ஒரு வியப்பும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1940களிலும் 1950களிலும் ஓடிய தானியங்கிக் கார்கள் பலவற்றைத் தள்ளிக் கிளப்ப முடிந்தது. பின்னர் வந்தவற்றால் அது கூடாமற் போயிற்று. புதியது வந்து பழைய வசதியை எடுத்துக்கொண்டு போன கதை இது.

சாதாரணக் காரில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள தொடர்பு இரும்போடு இரும்பு சேர்வது. ஆகவே சக்கரம் சுழன்றால் எஞ்சினும் சுழன்றே தீரும். தானியங்கி வண்டியில் அந்தத் தொடர்பு எண்ணெயின் வழியாக நிகழ்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்று மற்றதையும் சுழற்றக் காண்கிறோம் அல்லவா? எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் எஞ்சினோடு இணைந்த இறக்கைச் சக்கரம் ஒன்றும், கியரோடு இணைந்த இறக்கைச் சக்கரம் ஒன்றும் அவ்வாறே எதிரெதிரே நிற்கின்றன. அதற்கு அப்பால் உள்ள பற்சக்கரத் தொகுதியை இறுகப் பிடித்து, இன்ன கியர் என்று நிலைநிறுத்துபவை எஃகுப் பட்டைகளும் உள்ளே மறைந்திருக்கும் கிளட்சுகளும் ஆகும். இவற்றை அழுத்திப் பிடிப்பதும் எண்ணெய்தான். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் உறங்கினால் பம்பும் உறங்கும். பிடிகள் யாவும் தளர்ந்து கிடக்கும். வண்டியை எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் தன்பாட்டில் உருளுமேயன்றி எஞ்சினுக்குச் செய்தி எட்டாது.

பழைய பொறியாளர் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது. முன்புறப் பம்போடு பின்புறத்தில் இன்னொரு பம்பையும் வைத்தார்கள். இதை ஓட்டியது எஞ்சின் அன்று. சக்கரங்களுக்குச் செல்லும் தண்டே அதை ஓட்டியது. வண்டி உருண்டால் போதும், எண்ணெய்க்கு அழுத்தம் கிடைத்துவிடும். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்த ஹைட்ரா-மாட்டிக், 1950இல் ஷெவர்லே கார்களில் வந்த பவர்கிளைடு, 1956இல் கிரைஸ்லர் வெளியிட்ட டார்க்ஃப்ளைட் ஆகிய மூன்றிலும் இந்தப் பின்பம்ப் இருந்தது.

செய்முறை வண்டிக்கு வண்டி சற்று மாறுபட்டாலும் சாரம் ஒன்றே. சாவியைத் திருப்பி, கியர்க் கோலை நியூட்ரலில் வைத்துக்கொண்டு தள்ளச் செய்ய வேண்டும். மணிக்கு 25 மைல், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகம் வந்த பின்னரே தாழ்ந்த கியருக்கோ ஓட்டும் நிலைக்கோ மாற்ற வேண்டும். அதற்குள் பின்பம்ப் போதிய அழுத்தத்தைச் சேர்த்திருக்கும், பட்டை இறுகும், சக்கரத்தின் சுழற்சி எண்ணெய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து எஞ்சினைச் சுழற்றும். எண்ணெய் சிறிது வழுக்கும் இயல்புடையதாகையால் இவ்வளவு வேகம் இன்றியமையாதது. பீமசேனர் நால்வர் வந்து தள்ளினாலும் இந்த வேகம் கிட்டாது. எனவே மற்றொரு காரைப் பின்னால் நிறுத்தி, பம்பரோடு பம்பர் பொருத்தித் தள்ளினார்கள். கயிறு கட்டி முன்னாலிருந்து இழுப்பது ஆகாது. எஞ்சின் திடீரென்று பற்றிக்கொள்ளும்போது வண்டி முன்னே பாய்ந்து இழுத்த காரையே மோதிவிடும் அல்லவா! தள்ளும்போதும் அபாயம் இல்லாமல் இல்லை. எஞ்சின் ஓடாத வேளையில் விசையூட்டிய பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லைப்போல் கனக்கும்.

இந்த வசதி ஏன் கைவிடப்பட்டது? 1950களின் நடுவே அமெரிக்கக் கார்களின் மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு உயர்ந்தது. குளிரிலும் எஞ்சின் எளிதில் கிளம்பிற்று. 1960 முதல் பரவிய ஆல்டர்னேட்டர், வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போதும் பாட்டரிக்கு ஊட்டம் தந்தது. ஆண்டுக்கொருமுறைகூடத் தேவைப்படாத பம்பைச் சுமப்பானேன், அதற்குச் செலவழிப்பானேன் என்று தொழிற்சாலைகள் கணக்குப் பார்த்தன. 1964இல் வெளிவந்த டர்போ ஹைட்ரா-மாட்டிக் 400 பின்பம்ப் இல்லாமலே பிறந்தது. கிரைஸ்லர் தன் 1966ஆம் ஆண்டு மாதிரிகளில் அதை நீக்கியது. கணக்கு சரியான கணக்கே. எனினும் நடுவழியில் நிற்பவன் கணக்கு வேறு என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

நம் நாட்டில் 2014இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகள் வேறு இனம். அவற்றுள் சாதாரணப் பற்சக்கரப் பெட்டியும் கிளட்சும் உண்டு. ஆனால் அந்தக் கிளட்சை இயக்கும் கை மனிதனுடையது அன்று. மின்சாரத்தின் ஏவலில் நிற்கும் கருவி அது. பாட்டரி அடங்கினால் அதுவும் அடங்கும். இவ்விரு இனத்துக்கும் இன்றுள்ள வழி, வேறொரு பாட்டரியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வாங்குவதுதான்.

பின்பம்ப் மறைந்ததன் பெருந்தீங்கு வேறோரிடத்தில் இருக்கிறது. அந்தப் பம்ப் எண்ணெய்க்கு அழுத்தம் கொடுத்ததோடு பற்சக்கரங்களை நனைத்தும் வந்தது. அது இல்லாத தானியங்கி வண்டியை, எஞ்சின் ஓடாமல், சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்துச் சென்றால், உள்ளே உள்ளவை எண்ணெய் ஓட்டமின்றி உராய்ந்து தேய்ந்துபோகும். நூறு ரூபாய்க் கயிற்றால் பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டி அழியும். மலைப்பாதையில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்குவோர்க்கும் இதுவே கதி. பிரேக்கின் வலுவும் அவர்களைக் கைவிடும்.

ஆகவே இழுவை வண்டிக்காரர் கொக்கியை மாட்டுமுன், எந்தச் சக்கரங்களால் நம் கார் ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லி, அவற்றைத் தரையிலிருந்து தூக்கச் செய்ய வேண்டும். நம் ஊர்ச் சிறு கார்களில் பெரும்பாலும் அவை முன்சக்கரங்கள். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டியானால் முழுவதையும் லாரித் தட்டில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.