நிலவொளியில் ஒரு கிடை

கிராமத்து உழைப்பை உள்ளபடி வரைந்தவர்களில் யாருடைய படங்களை முதலில் பார்க்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிரான்ஸின் ழான் ஃபிரான்சுவா மில்லே என்பதே என் பதில். வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்களை அவர் வரைந்த படம் பலரும் அறிந்ததுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது ‘நிலவொளியில் ஆட்டுப்பட்டி’. பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்பிசோன் ஊருக்கு வெளியே, மரமற்ற சமவெளி. அடிவானத்தில் தேய்பிறை நிலா. நெருக்கியடித்துப் பட்டிக்குள் நுழையும் ஆடுகளின் முதுகில் மட்டும் வெளிச்சம். மேய்ப்பரும் நாயும் வெறும் நிழலுருக்கள்.

வெட்டவெளி வயலில் பட்டி எதற்கு? நிலத்துக்கு உரம் சேர்க்கத்தான். தட்டிகளால் அடைத்து ஆடுகளை இரவில் நிறுத்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கியதும் தட்டிகளைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்தில் நடுவார்கள். அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் வயலில் கிடை போடுவதும் இதே கணக்குதான். அதனால்தானோ என்னவோ, படத்தில் நிலாவுக்கு முன்பே அந்தத் தட்டிகள் என் கண்ணில் பட்டன.

இன்னொரு வியப்பு: மில்லே இத்தகைய படங்களைப் பெரும்பாலும் வயலில் நின்று தீட்டவில்லை. வெளியில் சிறு கோட்டோவியங்கள் எடுப்பார்; வண்ணம் தீட்டுவதெல்லாம் வீட்டுக்கூடத்தில், நினைவிலிருந்து. 1814இல் நார்மண்டியில் குடியானவர் வீட்டில் பிறந்து, இளமையில் ஏர் பிடித்தவர். 1849இல் பார்பிசோனுக்குக் குடிவந்து, 1875இல் அங்கேயே இறந்தார். குனிந்தால் முதுகு எங்கே இழுக்கும், மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர் எந்தக் காலில் பாரம் போடுவார் என்பதை அவர் உடம்பே அறிந்திருந்தது. அவர் படங்களின் உண்மை அந்த அறிவிலிருந்து வந்தது.

நம் பள்ளி ஓவியப் போட்டிகளில் கிராமம் என்றால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை. ஆடு இருக்கும், அதை ஓட்டிப்போகும் ஆள் இருக்கமாட்டார். இருந்தாலும் கையில் வேலை இராது. வேலையை அறியாமல் வரையும் கிராமம் வெறும் அலங்காரம். ஆசிரியர்களே, வண்ணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் பிள்ளைகளை ஒரு கிடைக்கு அழைத்துப் போங்கள். ஆடு மேய்ப்பவரிடம் பேசவிடுங்கள். வரைவது பிறகு தானே வரும்.