மேல்மண் எங்கே போகிறது? கடலடி வண்டல் சொல்லும் கணக்கு



ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு வந்தால் அடையாற்றின் திரு.வி.க. பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மற்ற மாதங்களில் கறுத்துத் தேங்கிக் கிடக்கும் தண்ணீர், அடைமழைக்குப் பிறகு பழுப்பு நிறமாகப் புரண்டு ஓடும். ஆதனூர்ப் பக்கம் தொடங்கி, சுமார் 42 கிலோமீட்டர் வந்து, பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேருகிறது இந்த ஆறு. அந்தப் பழுப்பு நிறம் வேறொன்றும் இல்லீங்க. கரைந்து வந்த மண்தான்.

கடலுக்குப் போன மண் என்ன ஆகிறது? உங்கள் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் விழும் இடத்தில் மணல் தங்கும். மெல்லிய வண்டல் தள்ளிப் போய்ப் படியும். கடலிலும் அப்படித்தான். மணல் முகத்துவாரத்தை ஒட்டித் திட்டாக நிற்கும். பொடிமண் ஆழ்கடல் வரைக்கும் போய், அடுக்கடுக்காகப் படியும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. ஏரியைத் தூர் வாருகிறோம். ஆழ்கடலை யார் வாருவது? அதனால் கணக்கு அழியாமல் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் படித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் இந்திய அரசின் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல், கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் குழாயை இறக்கி வண்டலை எடுத்தது. அதில் மேலாக உள்ள சுமார் எட்டரை மீட்டரில் ஏறக்குறைய 11,000 ஆண்டுக் கதை அடங்கியிருந்தது. வண்டலில் கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகளில் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் என்று அளந்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

எந்த ஊர் மண் என்றும் தெரியுமா? தெரியும். கோதாவரி நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறந்து 1,465 கிலோமீட்டர் ஓடுகிறது. மேல்பாதியில் எரிமலைப் பாறையில் விளைந்த கரிசல். கீழே வேறு வகைப் பழம்பாறை. 'நியோடிமியம்' என்ற தனிமத்தின் வகைகள் ஒவ்வொரு பாறையிலும் ஒவ்வொரு விகிதத்தில் இருக்கும். அதை வைத்துத் தாய்ப்பாறையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

2017-ல் வெளியான முடிவு நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. பருவமழை குறைந்த பிற்பட்ட சில ஆயிரம் ஆண்டுகளில் மண் அரிமானம் குறையவில்லை, கூடியிருக்கிறது! மழை குறைந்தால் செடிகொடி குறையும், தரை வெறுமையாகும். அப்புறம் கொட்டுகிற மழை மண்ணை வாரிக்கொண்டு போகும். தக்காணத்தில் உழவு பரவப் பரவ அரிமானம் இன்னும் கூடியது. கரிசலின் பங்கும் அதிகமானது. மண்ணில் நெடுங்காலம் தங்கியிருந்த பழைய மக்கும் சேர்ந்தே போயிருக்கிறது.

இன்று அணைகள் வண்டலை மடக்கிக்கொள்கின்றன. 1934-ல் முடிந்த மேட்டூர் அணையிலும் காவிரி வண்டல் தங்குகிறது. ஆனால் ஒன்று: மண் அணையில் தங்கினாலும், கடலில் சேர்ந்தாலும், உங்கள் வயலுக்கு நஷ்டம் நஷ்டம்தான்.

ஆகவே மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னாலேயே முந்திக்கொள்ளுங்கள். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். சமமட்ட வரப்பு போட்டு, வரப்பில் வெட்டிவேர் நடுங்கள். தரையைச் சும்மா போடாமல் கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்து மூடுங்கள். அறுவடைத் தாளைக் கொளுத்தாதீர்கள். ஏரியில் தங்கிய வண்டலை முறைப்படி அனுமதி வாங்கி வயலுக்கு அடியுங்கள். ஏரிக்குப் போன மண்ணை வண்டி கட்டி எடுத்து வரலாம். கடலுக்குப் போன மண்ணை யாராலும் கொண்டுவர முடியாது.