முதல் வகுப்பு இருந்தும் இடம் கிடைக்காதது ஏன்?

"என் மகள் பட்டப்படிப்பில் முதல் வகுப்பு. பிறகும் மேற்படிப்புக்கு ஏன் இடமில்லை?" தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டார வணிகர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தகுதி மதிப்பெண் என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. இருக்கும் இடங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் அதிகம் என்பதால், வரிசையில் எத்தனையாவது என்பதே முடிவு செய்கிறது.

தொழிலதிபர் சி.ராஜம் 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழக வளாகம். அங்கே எம்.இ. சேர 'கேட்' மதிப்பெண் வேண்டும். அல்லது 2023 முதல் நடக்கும் 'சீட்டா' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு 'டான்செட்'. தரவரிசைப்படியே கலந்தாய்வு. மாநில விதிப்படி 69 சதவீதம் இட ஒதுக்கீடு, 31 சதவீதம் பொதுப் போட்டி. சாதிச் சான்றிதழைக் காலத்தில் வாங்காதவர் பொதுப் போட்டியில் மட்டுமே நிற்க நேரிடும்.

ஐ.ஐ.எம். நிறுவனங்களின் வழி வேறு. அவற்றின் தேர்வுக்கும் 'கேட்' என்றே பெயர். பொறியியல் 'கேட்' அல்ல. அந்த மதிப்பெண் நேர்முகத் தேர்வு வரை கொண்டு சேர்க்கும். அதன்பின் நேர்முகத் தேர்வோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு அளவில் கணக்கில் சேரும்.

கொள்முதல், கடன் வசூல், ஜி.எஸ்.டி. பற்றித் தெளிவாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு நேர்முகத்தில் கடை அனுபவம் கைகொடுக்கும். ஆனால் கணக்கு பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே வணிகப் பெருமக்களே, தேர்வு மாதங்களில் பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்!