என்ன வேலை செய்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, தலைசுற்றல், வாந்தி என்று என்னிடம் வந்தார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "கடையில வாங்கின மீதான் ஐயா" என்றார். கெட்டுப்போன சாப்பாடு என்று முடிவு கட்டி, வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாலையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. வாயில் எச்சில் வடிகிறது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கிக் கிடக்கிறது. அப்போதுதான் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அம்மா நேத்து காய்கறித் தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கப் போனாங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லல."

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தப்பு அந்த அம்மாவுடையதல்ல, என்னுடையது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட நான், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவில்லை.

பெரிய டாக்டர்களும் நோயைத் தவறாகக் கணிப்பதுண்டு. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக் காய்ச்சல், பின்னர் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கமும் பரவியது. சிலருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, இது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

கொசு என்றால் எல்லாரையும்தானே கடிக்கும்? இங்கோ, விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது 'நிப்பா' ஆயிற்று. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்த நோய் அது. நம் நாட்டில் 265 பேரைப் பிடித்து, 105 உயிர்களைக் கொண்டுபோன பிறகே ஓய்ந்தது. யாருக்கு நோய் வருகிறது, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதிலேயே துப்பு இருந்தது.

கோலா தெர்லாவில் நமக்கும் இது பொருந்தும். டெங்கியும் காய்ச்சல்தான், எலிச் சிறுநீரால் வரும் நோயும் காய்ச்சல்தான். முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே:

1. கடைசி இரண்டு மூன்று வாரங்களில் செய்த வேலையைச் சொல்லுங்கள். கால்வாய் வெட்டினீர்களா? காலில் புண்ணோடு சேற்றில் நின்றீர்களா? மருந்து அடித்தீர்களா?

2. மருந்து அடித்தவர் அந்த டப்பாவின் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

3. காய்ச்சல் தொடங்கிய நாளையும், கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையையும் மறைக்காதீர்கள்.

4. மருந்துக்குக் கேட்காவிட்டால் திரும்பி வாருங்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டால் இராத்திரி என்றாலும் கதவைத் தட்டுங்கள்.

5. வெளிநாட்டுத் தோழருக்கு நம் பாஷை வராது. கூடவே வந்து அவருக்காகப் பேசுங்கள்.

"ஆபீசுக்குத் தெரிஞ்சிடுமே" என்ற பயம் வேண்டாம். நோயாளி சொல்வதை நிர்வாகத்திடம் கொண்டுபோவது எங்கள் வேலையல்ல. யாராவது அப்படிச் செய்தால் சங்கத்தில் புகார் கொடுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.